தகரப்பெட்டி நூலகம்: தோஹா தொழிற்பேட்டை வாசகர்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

புகலிடத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுத முற்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். 1983 ஜூலையில் தொடங்குவார்கள். மேற்கு ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, கனடா என்று நாடுகள் வரும். தட்டச்சிலும் ஒளிநகலிலும் பிறந்த சிற்றேடுகள் வரும். 1988இல் ஜேர்மனியில் ஆரம்பித்த இலக்கியச் சந்திப்பு, 1990இல் ரொறொன்ரோவில் 'காலம்', 1998இல் பாரிசில் 'எக்ஸில்', பிறகு 'உயிர்நிழல்', 2001இல் ஷோபாசக்தியின் 'கொரில்லா' என்று அந்த வரிசை போகும். இதில் பிழை எதுவுமில்லை. நானும் கூட்டங்களில் இப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். ஆனால் இந்த வரிசையில் வளைகுடா நாடுகள் இல்லை.

இல்லாததற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டு. அங்கே போனவர்கள் அகதிகள் அல்லர், ஒப்பந்தத் தொழிலாளர்கள். இரண்டு வருடத்தில் திரும்பி விடுவார்கள் என்பது ஒன்று. அங்கே சிற்றேடு நடத்தவோ கூட்டம் கூடவோ ஐரோப்பாவில் உள்ள சுதந்திரம் இல்லை என்பது மற்றது. இரண்டிலும் உண்மை உண்டு. மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கிறது. அதை நாம் வெளிப்படையாகச் சொல்வதில்லை: 'அவர்கள் வாசிப்பது மாத நாவலும் துப்பறியும் கதையும்தானே.'

இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது காரணம் பற்றியது. 1995 முதல் 1998 வரை தோஹாவின் தொழிற்பேட்டையில் ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் வேலை செய்தவன் என்பதைத் தவிர இதைச் சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை.

2

நல்ல புனைகதை, மட்டமான புனைகதை என்ற பிரிவினை எமக்கு எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை'. வெளிவந்த ஆண்டு 1885. ஆசிரியர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். கதையோ கெய்ரோவிலும் பம்பாயிலும் நடக்கிறது. திருட்டுப் போன குழந்தை, மறைந்த பிறப்பு, சதி, பயணம், போர் எல்லாம் உண்டு. இன்றைய கணக்கில் அது சாகசக் கதை. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1883இல், எகிப்தின் ஒராபி பாஷாவைப் பிரித்தானியர் இலங்கைக்கு நாடு கடத்தியிருந்தனர். சித்திலெப்பை அவரோடு நெருங்கிப் பழகியவர். ஆக, ஈழத்துத் தமிழ் நாவல் பிறக்கும்போதே அதற்குள் அரபு நாடு இருந்தது. பக்கத்திலேயே நாடு கடத்தப்பட்ட ஒருவரும் இருந்தார்.

அடுத்து வந்தவையும் அப்படித்தான். 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை', ஐரோப்பிய வீரக்கதை ஒன்றின் தழுவல். 1895இல் வந்த 'மோகனாங்கி', தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலரும் கொள்வது, எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலைக்காரர். சாகசம், தழுவல், சரித்திரம் என்று முதல் பத்து வருடத்திலேயே எம்மவர் பல வகைகளையும் தொட்டுவிட்டார்கள். எது இலக்கியம், எது இல்லை என்று அப்போது யாரும் வரிசை பிரிக்கவில்லை.

வரிசை பின்னால் வந்தது. தமிழகத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் துப்பறியும் நாவல்களைக் குவித்தார்கள். வார இதழ்கள் தொடர்கதைக்கு இலட்சக்கணக்கான வாசகரைச் சேர்த்தன. 'கல்கி'யில் 1950 முதல் 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வன்' அதன் உச்சம். இந்த வெள்ளத்துக்கு எதிரே நின்று, 'இவற்றைப் படியுங்கள்' என்று கைகாட்டியவர் க. நா. சுப்ரமண்யம். 1957இல் வெளிவந்த அவருடைய 'படித்திருக்கிறீர்களா?' என்ற நூலின் தலைப்பே ஒரு பரிந்துரை. இலங்கையில் க. கைலாசபதி வேறொரு அளவுகோலோடு வந்தார். 1968இல் வெளியான 'தமிழ் நாவல் இலக்கியம்' சமூகத்தைக் காட்டும் நாவலைத் தேடியது. இருவரும் பரம எதிரிகள் போல நின்றார்கள். ஆனால் இராணிமுத்து வாங்கும் வாசகனோடு இருவருமே பேசவில்லை. இரண்டு பேரின் பட்டியலும் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவனுக்காகத்தான் எழுதப்பட்டது.

அந்த வாசகனைத் தேடிப் போனது விலைதான். 1969இல் தொடங்கிய இராணிமுத்து மாதமொரு நாவலை மலிவு விலையில் கொடுத்தது. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்தது. எண்பதுகளில் பாக்கெட் நாவல்கள் பஸ் நிலையங்களை நிரப்பின. கோயம்புத்தூரில் இருந்து ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்தார். இலங்கையில் கதை சற்று வேறு. 1970இல் பதவிக்கு வந்த அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. இந்தியச் சஞ்சிகைகளின் வரத்துக் குறைந்த அந்த இடைவெளியில் வீரகேசரி பிரசுரங்கள் எழுந்தன. பாலமனோகரனின் 'நிலக்கிளி', செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' இரண்டும் 1973இல் வந்தவை. மாத நாவல் போலப் பரவலாக விற்று, இலக்கியமாகவும் நின்ற புத்தகங்கள் அவை. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இந்தியச் சஞ்சிகைகள் திரும்பி வந்தன. அதே காலத்தில்தான் எமது ஆட்களும் வளைகுடாவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகத் தொடங்கினார்கள்.

3

தோஹாவின் தொழிற்பேட்டையை அங்கே வேலை செய்கிறவர்கள் 'சனையா' என்பார்கள். அரபுச் சொல்லின் சிதைவு. நகரத்துக்குத் தென்மேற்கே, தெருக்களுக்குப் பெயரில்லாமல் இலக்கம் மட்டும் இருக்கும் இடம். கராஜ், கல்லுடைக்கும் ஆலை, இரும்புக் களஞ்சியம், அவற்றின் இடையே தொழிலாளர் 'காம்ப்'. எங்கள் அறையில் எட்டுப் பேர். இருவர் இராமநாதபுரத்துக்காரர், ஒருவர் கல்முனை, ஒருவர் நேபாளி, இருவர் மலையாளிகள், புத்தளத்திலிருந்து வந்த ஒரு நானா, யாழ்ப்பாணத்து நான்.

கல்முனைக்காரரின் கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதுதான் நூலகம். எங்களுக்கு முன்னர் அந்த அறையில் இருந்து போனவர்கள் விட்டுச்சென்ற புத்தகங்கள், லீவில் போய் வருகிறவர்கள் கொண்டு வந்தவை என்று அறுபது எழுபது இருக்கும். லீவில் வருகிறவனின் பொதியில் முதலில் மிளகாய்த்தூளும் கருவாடும் ஏறும். பிறகு மற்றவர்களுக்கு வீட்டார் கொடுத்துவிடும் பார்சல்கள் ஏறும். மிச்சம் இருக்கும் பாரத்துக்குத்தான் புத்தகம். பாக்கெட் நாவல் அங்கே வென்றதற்கு இரசனையை விட இந்த நிறைக்கணக்குப் பெரிய காரணம். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன், சுஜாதா, பாலகுமாரன், நாலைந்து காமிக்ஸ். அட்டை போன 'நிலக்கிளி' ஒன்று. பாரிசிலிருந்து நண்பன் ஒருவன் எனக்கு அனுப்பிய சிற்றேடுகள் சிலவற்றையும் நான் அதில் போட்டேன்.

பெட்டிக்குள் ஒரு கொப்பி இருந்தது. எடுத்தவர் பெயர் எழுதுவதற்காகத் தொடங்கியது. பிறகு பெயருக்குப் பக்கத்தில் ஆட்கள் ஒரு வரி எழுதத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பவை சில. ஒரு துப்பறியும் நாவலுக்கு: 'இரவு வேலைக்காரர் எடுக்கவும், நித்திரை வராது.' ஒரு குடும்ப நாவலுக்கு: 'லீவில் போக முன்னம் வாசிக்க வேண்டாம்.' இன்னொன்றுக்கு: 'முடிவு சரியில்லை, நடுவில் நல்லம்.' சுஜாதாவின் விஞ்ஞானக் கதை ஒன்றுக்கு இராமநாதபுரத்து வெல்டர் எழுதினார்: 'மெசின் பேசுறது நம்புற மாதிரி இருக்கு.' நான் போட்ட சிற்றேட்டுக்குக் கிடைத்த மதிப்புரை இது: 'எழுத்து சின்னது. எல்லாரும் கோவமா இருக்காங்க.'

அன்றைக்கு அதைப் படித்து எனக்கு ஆத்திரம் வந்தது. இன்றைக்கு அது நேர்மையான விமர்சனம் என்றே நினைக்கிறேன். அந்தக் கொப்பியில் நாவலுக்குத் தரவரிசை இல்லை. இன்ன ஆளுக்கு, இன்ன நேரத்தில், இந்தப் புத்தகம் என்ன செய்யும் என்பது மட்டும் இருந்தது. வகை பார்த்து யாரும் எதையும் ஒதுக்கவில்லை. ரமணிசந்திரனை முடித்த கையோடு 'நிலக்கிளி'யை எடுத்த ஆளை நான் கண்டிருக்கிறேன். தண்ணிமுறிப்புக் காட்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் இராமநாதபுரம், நான் யாழ்ப்பாணம், இருவருமே அந்தக் காட்டைக் கண்டதில்லை.

4

புத்தளத்திலிருந்து வந்த நானா உண்மையில் புத்தளத்துக்காரர் அல்லர். யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் பிறந்து வளர்ந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில், விடுதலைப்புலிகளால் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் அப்படித் துரத்தப்பட்டார்கள். அவருடைய குடும்பம் அப்போதும் புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே ஊர். அறையில் இருந்த எட்டுப் பேரில் ஒரே ஒழுங்கையின் பெயரை அறிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். ஆனால் முதல் நாலைந்து மாதம் எங்களுக்கிடையே உப்பு, காஸ், தண்ணீர் தவிர வேறு பேச்சு இல்லை. 1990இல் எனக்கு இருபத்திரண்டு வயது. அந்த ஒக்டோபரில் நான் ஊரில்தான் இருந்தேன். நான் யாரையும் துரத்தவில்லை. யாரையும் தடுக்கவும் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் 'நிலக்கிளி'யை வைத்துக் கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"இது என்ட வீட்டிலயும் இருந்திச்சு தம்பி."

"வாசிச்சனீங்களோ நானா?"

"ரெண்டு தரம். வீரகேசரிப் புத்தகம் அவ்வளவும் வாப்பா வாங்குவார். ஒரு அலுமாரி."

பிறகு அவர் கொப்பியைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதத் தொடங்கினார். இரண்டு மூன்று இரவு எழுதினார். தலைப்பும் ஆசிரியர் பெயருமாக நாற்பதுக்கு மேல். செங்கை ஆழியான், கணேசலிங்கன், டானியல், தமிழ்வாணன், சாண்டில்யன், மு. வ., ஜெயகாந்தன், எல்லாம் கலந்து. அலுமாரியில் எந்தத் தட்டில் எது இருந்ததோ அந்த ஒழுங்கிலேயே எழுதியதாகச் சொன்னார். அடியில் ஒரு வரி: 'இதுகள் பெட்டியில் இல்லை. கிடைத்தால் வாசியுங்கோ.'

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி நாம் எத்தனை கட்டுரை எழுதியிருக்கிறோம்! 97,000 நூல்கள் என்ற எண் எமக்கு மனப்பாடம். அதை எழுத வேண்டியதுதான்; இன்னும் எழுத வேண்டும். ஆனால் 1990இல் சோனகர் தெருவின் வீடுகளில் விடப்பட்ட அலுமாரிகளில் எத்தனை நூல்கள் இருந்தன என்று நாம் எண்ணியதில்லை. அவையும் தமிழ்ப் புத்தகங்கள்தான். அவற்றுக்கு என்ன நடந்தது என்று கேட்கவும் எமக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆவணம் அந்தக் கொப்பியின் கடைசி மூன்று பக்கங்கள். 1998இல் நான் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டபோது கொப்பியைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன். அது அறைக்குச் சொந்தமானது. பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு அப்போது இருக்கவில்லை.

5

வளைகுடா ஏன் எழுதப்படவில்லை என்ற கேள்வியை 1992இல் அமிதவ் கோஷ் ஒரு கட்டுரையில் கேட்டார். எண்ணெய் இத்தனை நாட்டு மக்களை ஓரிடத்தில் சேர்த்த பின்னும் அதிலிருந்து பெரிய நாவல்கள் ஏன் வரவில்லை என்பது அவருடைய கேள்வி. அது அப்துல் ரஹ்மான் முனீஃபின் 'உப்பு நகரங்கள்' பற்றிய மதிப்புரையாக எழுதப்பட்டது. 1984இல் அந்த நாவல் தொடரைத் தொடங்கிய முனீஃப் சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டவர். 2004இல் டமாஸ்கசில் இறந்தார். அரபு மொழியிலும் வளைகுடாவை எழுதியவர் நாடிழந்தவராகவே இருந்தார் என்பதைப் புகலிடத்தில் எழுதுகிற நாம் கவனிக்க வேண்டும்.

கோஷ் கேட்ட பிறகு நிலைமை மாறியது. பஹ்ரைனில் வேலை செய்துகொண்டிருந்த பென்யாமின் மலையாளத்தில் எழுதிய 'ஆடுஜீவிதம்' 2008இல் வந்தது, தமிழுக்கும் வந்தது, 2024இல் திரைப்படமாகவும் ஆயிற்று. தமிழில் நாகூர்க்காரரான ஆபிதீன் துபாயில் இருந்துகொண்டே சிறுகதைகள் எழுதினார். மீரான் மைதீனின் 'அஜ்னபி' சவூதியில் வேலை செய்யும் தமிழர்களைப் பற்றிய நாவல். இவர்கள் தமிழகத்தவர். ஈழத்திலிருந்து போனவர்களின் கதை இன்னும் பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. வீட்டுப் பணிக்குப் போன பெண்களின் கதை அதுகூட இல்லை. எங்களுக்கு ஒரு தகரப்பெட்டியும் எட்டுப் பேரும் இருந்தார்கள். தனி வீட்டில் அடைபட்டிருந்த பெண்ணுக்குப் புத்தகம் கொடுக்க யார் இருந்தார்? இந்தக் கட்டுரையும் அவர்களுக்கு வெளியே நின்றுதான் எழுதப்படுகிறது.

6

2020 மார்ச் 17ஆம் திகதி, கொரோனாத் தொற்றினால், சனையாவின் முதலாம் தெருவிலிருந்து 32ஆம் தெரு வரை அடைத்துவிட்டார்கள். என் அக்காவின் மகன் அப்போது அதற்குள் இருந்தான். 1994இல் வன்னியில் பிறந்தவன். 2009 மேயில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது பதினைந்து வயது. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "மாமா, வாசிக்க ஏதும் நல்ல கதை இருந்தாச் சொல்லுங்கோ."

நான் இருபத்தைந்து வருடப் புகலிட இலக்கிய அனுபவத்தை எல்லாம் திரட்டி ஒரு பட்டியல் அனுப்பினேன். முதலில் சயந்தனின் 'ஆறாவடு', பிறகு அவருடைய 'ஆதிரை', பிறகு தமிழ்நதியின் 'பார்த்தீனியம்'. மறுநாள் பதில் வந்தது.

"மாமா, இதெல்லாம் சண்டைக் கதை. நாங்கள் அதுக்குள்ளதானே இருந்தனாங்கள். இப்ப வேண்டாம். பேய்க்கதை இல்லாட்டி கொலைக்கதை ஏதும் சொல்லுங்கோ."

'லீவில் போக முன்னம் வாசிக்க வேண்டாம்' என்ற வரி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆளைப் பாராமல் நூலை மட்டும் பார்த்திருக்கிறேன்.

சொல்வது ஒன்று, கிடைக்கச் செய்வது இன்னொன்று. கல்யாணசுந்தரம் சுவிற்சர்லாந்திலிருந்து 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய நூல்களைக் கணினிக்குக் கொண்டு வந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து இலவசமாக வைத்திருக்கிறது. 2016இன் கடைசியில் கிண்டிலில் தமிழ் வந்தது. ஆனால் கிண்டிலில் வாங்க வங்கி அட்டை போன்ற ஒன்று வேண்டும். கட்டாரில் 2021 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,000 றியால். அதில் ஊருக்கு அனுப்பியது போக மிஞ்சுவதில் யார் புத்தகம் வாங்குவார்? ஆகவே திருட்டுப் பிடிஎஃப் கைபேசிக்குக் கைபேசி பாய்கிறது. எழுத்தாளர்கள் கோபிக்கிறார்கள். கோபம் நியாயமானது, தமிழில் எழுதிப் பிழைக்கிறவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். நான் மருமகனுக்குத் திருட்டுப் பிரதி அனுப்பவில்லை. ஆனால் அவன் வேறு யாரிடமோ வாங்கினானா என்று கேட்கவும் இல்லை. எங்கள் தகரப்பெட்டியிலும் ஒரு புத்தகத்தை ஐம்பது பேர் வாசித்தார்கள். எழுதியவருக்குப் போனது ஒரு பிரதியின் காசுதான். புகலிடத்தில் வசதியாக இருக்கும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நாம் வாங்கும் புத்தகத்தில் இன்னொரு பிரதி வாங்கி, போகிறவர் கையில் கொடுத்துவிடலாம்.

7

பிறகு அவனுக்கு நான் அனுப்பிய பட்டியலை இங்கே தருகிறேன். வாசகர்கள் தங்களுடைய மருமக்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

கொலைக்கதை கேட்டதால் முதலில் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. பேயா விஞ்ஞானமா என்ற சந்தேகத்தைக் கடைசிவரை விடாது. அவன் கேட்ட இரண்டும் ஒன்றிலேயே கிடைக்கும். புதிய விஞ்ஞானக் கதைக்கு ஜெயமோகனின் 'விசும்பு' தொகுதி. நம்மூர்த் தத்துவத்தையும் மருத்துவத்தையும் வைத்தே விஞ்ஞானக் கதை பண்ணலாம் என்று காட்டுவது. சரித்திரக் கதைக்கு சு. வெங்கடேசனின் 'வேள்பாரி'. அரசனை விட்டுவிட்டு மலையையும் மரத்தையும் அறிந்த குலத்தைக் கதாநாயகனாக்கியது. பெரிய புத்தகம், அடைபட்ட காலத்துக்கு உகந்தது. அதை விடவும் நீளம் வேண்டுமானால் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் எழுதப்பட்ட 'வெண்முரசு'. 26 நாவல்கள், இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். வேலை பஸ்ஸில் இருபது நிமிடம்தான் உண்டு என்றால் அ. முத்துலிங்கத்தின் சிறுகதைகள், பல நாடுகளில் வேலை பார்த்தவரின் கண் அவருக்கு. பெண்களுக்கு என்ன நடந்தது என்று அறிய மனம் வந்தால் ஸர்மிளா ஸெய்யித்தின் 'உம்மத்'. 'ஆடுஜீவிதம்' நல்ல நாவல்தான். ஆனால் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்த பிறகு வாசி என்று பக்கத்தில் எழுதினேன். 'ஆதிரை'யைப் பட்டியலின் கடைசிக்கு மாற்றி, 'எப்போதாவது' என்று போட்டேன்.

அடியில் 'நிலக்கிளி'யையும் சேர்த்தேன். நானாவின் பட்டியலில் எனக்கு நினைவிருந்த பதினைந்து இருபது தலைப்புகளையும் சேர்த்தேன். யாருடைய பட்டியல் என்பதையும் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து மருமகன் என் பட்டியலையே எனக்குத் திருப்பி அனுப்பினான். அறையில் இருந்தவர்கள் அதில் ஆளுக்கொரு குறிப்புச் சேர்த்திருந்தார்கள். 'கொலையுதிர் காலம்' பக்கத்தில், 'லைட் நிப்பாட்டின பிறகு வேண்டாம்.' 'வேள்பாரி' பக்கத்தில், 'போனில் கண் நோகும், புத்தகமா வேணும்.' 'நிலக்கிளி' பக்கத்தில் அவனே எழுதியிருந்தான்: 'தண்ணிமுறிப்பு எனக்குத் தெரியும். அப்பாவோட போயிருக்கிறன்.'

'ஆதிரை'க்குப் பக்கத்தில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. நானாவின் தலைப்புகளுக்குக் கீழே யாரோ ஒருவர் கேட்டிருந்தார்: 'இந்த நானா இப்ப எங்க இருக்கார்?'

எனக்குத் தெரியாது. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது, புத்தளத்திலோ யாழ்ப்பாணத்திலோ கட்டாரிலோ, நாற்பது புத்தகங்களைத் தட்டு ஒழுங்கில் மனப்பாடமாகச் சொல்லும் ஒருவரைத் தெரிந்திருந்தால், மிச்சத் தலைப்புகளையும் அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.